இரைச்சல் இசையை அதன் அதிர்ச்சியால் மட்டும் அளக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஜப்பானிலும் பிரிட்டனிலும் வளர்ந்த, மின் சீற்றம், கூவல், உலோக அதிர்வு போன்ற ஒலிகளையே இசையாக்கும் இரைச்சல் இசையைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். மிகச் சிலரே கேட்கும் இப்படியொரு துறைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், அரங்கு ஒன்றுக்குள் பொக்லைன் இயந்திரம் நிற்கும் படத்தை மேலே போட்டு, மேடையில் சிறுநீர் கழித்தவர்கள், கொலைகாரர்களுக்கு இசைத்தட்டைக் காணிக்கையாக்கியவர்கள், நாஜி முகாம்களின் பெயரை உறையில் அச்சிட்டவர்கள் என்று அடுக்கிவிட்டு, எல்லோரும் ஒரே ரகம், இது இசையே இல்லை, மனப்பிறழ்வு என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

அவர் சொன்ன நிகழ்வுகள் பெரும்பாலும் நடந்தவைதாம். அவற்றை மறுப்பதற்கோ பூசி மெழுகுவதற்கோ நான் எழுதவில்லை. அதிர்ச்சியூட்டிய செயல்கள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்தால், அவற்றுள் எது இளமைத் துடுக்கு, எது விளம்பர உத்தி, எது மன்னிக்கத் தகாத இழிவு என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பிலிருந்து நாமும் நழுவிவிடுகிறோம் என்பதே என் வாதம். அந்த மூட்டையோடு சேர்ந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இந்த இசையை உயிரோடு வைத்திருக்கும் கைவேலையும் செவிப்பழக்கமும் வாசகர் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

நான் மேடை ஒலியமைப்பை, ஊர்வழக்கில் மைக்செட் வேலையை, தொழிலாகக் கொண்டவன். இந்த இசையை நெடுங்காலமாகக் கேட்டு வருபவன். ஆகவே அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1985 ஆகஸ்ட் 4 அன்று டோக்கியோவின் சூப்பர்லாஃப்ட் அரங்கில் ஹனதராஷ் என்ற ஜப்பானிய இரைச்சல் இசைக் குழுவின் நிகழ்ச்சி நடந்தது. காயம் நேர்ந்தால் அதற்கு யாரையும் பொறுப்பாக்க மாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகே பார்வையாளர்கள் உள்ளே விடப்பட்டனர். குழுவை நடத்திய யமாட்சுகா ஐ என்பவர் பொக்லைன் இயந்திரத்தை அரங்குக்குள் ஓட்டி வந்து இடித்து நொறுக்கினார். அடுத்து அவர் பெட்ரோல் குண்டை வீச முனைந்தபோது உடனிருந்தவர்கள் தடுத்துவிட்டனர். சேதம் 6,00,000 யென். அதன்பின் பல ஆண்டுகள் அவரை மேடையேற்ற அரங்குகள் தயங்கின. ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் மின்கம்பி இழுத்து வேலை செய்யும் எனக்கு அந்த இரவைப் பாராட்ட மனம் வராது. கையெழுத்து வாங்கிவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் கிடைத்துவிடாது என்பதை மேடைத்தொழிலில் இருக்கும் எவரும் அறிவர்.

ஆனால் அது ஒரே ஒரு மாலை. அன்று எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம் பத்திரிகை பத்திரிகையாகப் பயணித்து அதை ஒரு புராணமாக்கின. அதைப் பற்றிப் பேசுகிறவர்களுள் பெரும்பாலோர் அக்குழுவின் ஒலியை ஒரு நிமிடமாவது கேட்டிருப்பார்களா என்பதே எனக்கு ஐயம். அதே மனிதர் அடுத்த ஆண்டே போர்டம்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். 2007 ஜூலை 7 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில், 77 தாளக் கலைஞர்களைச் சுருள் வடிவில் அமர்த்தி, நடுவில் நின்று அவர்களை வழிநடத்தினார். மக்கள் கட்டணமின்றி வந்து கேட்டார்கள். பொக்லைன் படத்தை அச்சிட்ட கட்டுரை இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

கட்டுரையாளரின் கண்ணுக்கு முற்றிலும் தப்பிய இன்னொரு குழு இன்கபாசிடன்ட்ஸ். 1981-இல் ஒசாகாவில் தோஷிஜி மிகாவா தொடங்கிய இதில் பின்னர் ஃபுமியோ கோசகாய் சேர்ந்துகொண்டார். முன்னவர் வங்கி ஊழியர், பின்னவர் அரசு அலுவலகத்தில் பணியாற்றியவர். இவர்கள் மேடையில் இரத்தமும் இல்லை, நிர்வாணமும் இல்லை. இரண்டு மேசைகள், அவற்றின் மேல் நெருக்கியடித்துக் கிடக்கும் பெடல்கள் எனும் ஒலிமாற்றிப் பெட்டிகள், அவற்றின் முன்னே நடுத்தர வயதுக்காரர் இருவர். ஒலி கிளம்பிய சில நொடிகளில் அவர்கள் உடல் நடுங்கத் தொடங்கும்; கை முறுக்கும் குமிழுக்கும் காதில் விழும் ஒலிக்கும் நடுவே உடல் அகப்பட்டுக்கொண்டதைப் போலத் துடிப்பார்கள். கேட்போரும் துள்ளுவார்கள். அதிர்ச்சிதான் இந்த இசையின் உயிர் என்றால், அதிர்ச்சி எதையும் கையில் எடுக்காத இவர்களை உலகெங்கும் உள்ள இரைச்சல் இசை ரசிகர்கள் உச்சத்தில் வைத்துப் போற்றுவதற்கு என்ன விளக்கம் தருவது?

அந்த மேசையில் இருப்பவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கட்டுரை, "கண்ட கண்ட கருவிகள்" என்ற ஒரே தொடரில் கடந்துபோன இடம் அது. என் கணிப்பில் இத்துறையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலாவது காண்டாக்ட் மைக். வாழ்த்து அட்டையிலும் கடிகார அலாரத்திலும் பொம்மையிலும் கீச்சென்று ஒலிக்கும், அதிர்வை மின்சாரமாக மாற்றவும் வல்ல பியசோ தகடுதான் அது. பித்தளை வட்டத்தின் மேல் வெள்ளையாக ஒரு பீங்கான் பூச்சு, மொத்தம் 27 மில்லிமீட்டர் குறுக்களவு. சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு கம்பியைப் பித்தளையிலும் மற்றொன்றைப் பீங்கானின் நடுவிலும் சால்டர் வைக்க வேண்டும். பீங்கான் பக்கம் சூடு ஒரு நொடி கூடிவிட்டால் மேலே உள்ள வெள்ளிப்பூச்சு உரிந்துகொண்டு வந்துவிடும். பிறகு தகட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான். சரியாக அமைந்த தகட்டை ஒரு தகர டப்பாவிலோ, இரும்புச் சுருளிலோ, சைக்கிள் கம்பியிலோ ஒட்டினால், அது காற்றில் வரும் பேச்சைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஒட்டிய பொருளின் உடம்புக்குள் ஓடும் அதிர்வையே கேட்கும். நகத்தால் ஒரு கீறு கீறினால் அந்த டப்பாவின் உட்புறம் முழுவதும் ஒலிபெருக்கியில் வந்து நிற்கும்.

இந்தத் தகட்டை நேரே, ஒலிகளைக் கலக்கும் பலகையான மிக்ஸரின் மைக் துளையில் செருகினால் அடித்தொனி எல்லாம் வடிந்து, ஒல்லியாக ஒலிக்கும். அதன் மின்தடுப்பு மிக அதிகம் என்பதால், வாங்கும் பக்கமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். கிதாருக்கென்று செய்த பெடல்களுள் பல ஒரு மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) மின்தடுப்போடு வாங்கிக்கொள்பவை. தகடு அவற்றோடு நன்றாகப் பொருந்திப்போகிறது. காசு இல்லாத இளைஞர்கள் பழைய கிதார் பெடல்களையும் பொம்மைத் தகடுகளையும் இணைத்தது வசதியின்மையால் மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். மின்னியல் கணக்கும் அவர்கள் பக்கம் இருந்தது.

அடுத்தது டிஸ்டார்ஷன் பெடல். ஒலியலையின் உச்சியையும் அடியையும் வெட்டித் தட்டையாக்குவதே அதன் வேலை. வெட்டப்பட்ட அலையிலிருந்து மூல ஒலியில் இல்லாத மேல்சுருதிகள் பல பிறக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு பெடல்களைக் கோத்தால், ஓங்கி அடித்த அடியும் மெல்லத் தடவிய தடவலும் ஏறக்குறைய ஒரே உரப்பில் வெளிவரும். மெல்லிது, வலிது என்ற வேறுபாட்டை நம்பியே பழகிய செவிக்கு முதலில் இது ஒரு சுவராகத் தோன்றும். பத்து நிமிடம் பொறுத்தால், சுவர் என்று நினைத்ததற்குள் நெளிவுகளும் துளைகளும் மடிப்புகளும் ஓடுவது தெரியவரும். வாசிப்பவரின் விரல் ஓர் அங்குலம் நகர்ந்ததும் நெளிவு மாறும். இந்தக் கேட்பு முறையைக் கட்டுரையாளர் முயன்று பார்த்ததற்கான அடையாளம் எதுவும் அவர் எழுத்தில் இல்லை.

ஃபீட்பேக்கை, அதாவது வெளிவந்த ஒலி மீண்டும் உள்ளே புகுந்து கூவலாவதை, பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாண மண்டபத்தில் மைக் கூவினால் எல்லோரும் திரும்பி எங்களைத்தான் முறைப்பார்கள். அந்தக் கூவலை அடக்குவதே எங்கள் பிழைப்பு. எந்தச் சுருதியில் கூவுகிறது, எந்தக் குமிழைக் குறைத்தால் நிற்கும் என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கிறோம். இரைச்சல் இசைக்காரர்கள் அதே அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். டோக்கியோவின் தோஷிமாரு நகமுரா மிக்ஸரில் மைக்கோ வாத்தியமோ எதையுமே செருகுவதில்லை. மிக்ஸரின் வெளித்துளையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து அதன் உள்துளையிலேயே செருகிவிடுகிறார். மின்சுற்றின் சீற்றொலி சுற்றிச் சுற்றிப் பெருகி ஒரு சுருதியாகிறது. ட்ரெபிளையும் பேஸையும் மயிரிழை திருப்ப, சுருதி உடைந்து வேறொன்றாகிறது. சில வேளைகளில் அது மிக மெலிதாக, அறையின் மின்விசிறியை விடவும் அடங்கி ஒலிக்கும். இரைச்சல் இசை என்றாலே காதைப் பிளப்பது என்று நினைப்பவர்கள் அவரை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். அவர் கையில் இருக்கும் கட்டுப்பாடு எத்தகையது என்பது, அந்தக் கூவலோடு மல்லுக்கட்டிய எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

கருவிகளை வாங்கிக் குவிக்கும் கலாச்சாரமாக இது தொடங்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். லண்டனில் 1975-இல் உருவான த்ராபிங் கிரிசில் குழுவின் கிறிஸ் கார்ட்டர், மின்னணுப் பத்திரிகையில் வெளியான ஒரு சுற்றுவரைபடத்தை வைத்துத் தாமே ஒலிமாற்றிப் பெட்டிகளைச் செய்து குழுவினருக்குக் கொடுத்தார். கோசி ஃபானி துட்டியின் கிதாரும் ஜெனெசிஸ் பி-ஆரிட்ஜின் குரலும் அவற்றின் வழியே ஓடின. பீட்டர் கிறிஸ்டோஃபர்சனுக்காக, கட்டையை அழுத்தினால் அதற்குரிய கேசட் ஒலிக்கும்படி ஒரு விசைப்பலகையும் செய்யப்பட்டது. பதிவான ஒலித்துண்டுகளை விசையால் ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் என்ற கருவி சாதாரண மனிதர் கைக்கு எட்டாத காலம் அது. 1980-இல் வில்லியம் பென்னட் தொடங்கிய வைட்ஹவுஸ் குழு, வாஸ்ப் என்ற மலிவான பிரிட்டிஷ் சிந்தசைசரை (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி) பயன்படுத்தியது. கறுப்பும் மஞ்சளுமான பிளாஸ்டிக் பெட்டி, அழுத்துவதற்குக் கட்டையே இல்லாமல் தொட்டால் ஒலிக்கும் தட்டைப் பலகை, பேட்டரியிலும் ஓடும். காது கூசும் அந்தக் கீச்சொலி பிறந்தது இப்படியான ஓர் எளிய பெட்டியிலிருந்துதான்.

இனி அதிர்ச்சிக்கு வருகிறேன். இவ்விடத்தில் கட்டுரையாளரை விடவும் நான் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

1976 அக்டோபரில் லண்டனின் சமகாலக் கலை நிறுவனத்தில், த்ராபிங் கிரிசிலின் முன்னோடியான கூம் டிரான்ஸ்மிஷன்ஸ் குழு ஒரு கண்காட்சி வைத்தது. கோசி ஃபானி துட்டி ஆபாசப் பத்திரிகைகளுக்கு மாடலாக நின்ற பக்கங்கள் சட்டமிட்டு வைக்கப்பட்டன. பயன்படுத்திய மாதவிடாய்ப் பஞ்சுகளும் காட்சிப் பொருள்களாயின. பொதுப்பணம் பெறும் நிறுவனத்தில் இதுவா என்று நாடே கொதித்தது. கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. நிக்கோலஸ் ஃபேர்பேர்ன் இவர்களை நாகரிகத்தைச் சிதைப்பவர்கள் என்று சாடினார். குழுவினர் செய்த அடுத்த காரியம் கவனிக்கத்தக்கது: தங்களைத் திட்டி வந்த செய்தித்தாள் நறுக்குகளை எடுத்து அதே கண்காட்சியின் சுவரில் மாட்டினார்கள். ஆத்திரத்தோடு எழுதிய ஒவ்வொரு பத்திரிகையும் அந்தக் கண்காட்சிக்கு ஒரு காட்சிப்பொருளை இலவசமாக அனுப்பிவைத்தது. தங்கள் கட்டுரையைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். அதிர்ச்சியை மட்டுமே எழுதும் பத்திரிகை, தான் கண்டிக்கும் அதிர்ச்சிக்குப் பங்காளியாகிவிடுகிறது.

அந்தக் கண்காட்சியை நான் இழிவு என்று சொல்ல மாட்டேன். தன் உடலை விற்பனைப் பொருளாக்கும் தொழிலுக்குள் தானே நுழைந்து, அதன் சான்றுகளைத் தன் பெயரில் கலைக்கூடத்துக்குள் வைத்த பெண்ணின் செயலுக்கு ஒரு வாதம் இருக்கிறது, ஏற்கலாம், மறுக்கலாம். அவர் காட்டியது அவருடைய உடலை. ஆனால் அதே குழு நடத்திய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் சின்னமாக ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் படம் வைக்கப்பட்டதே, அதற்கு என்ன வாதம்? வைட்ஹவுஸ் 1981-இல் ஓர் இசைத்தட்டுக்குப் புக்கன்வால்ட் என்ற நாஜி வதைமுகாமின் பெயரைச் சூட்டியது. அதே ஆண்டில் வந்த மற்றொன்றைப் பீட்டர் கூர்ட்டன் என்ற ஜெர்மானியத் தொடர் கொலைகாரனுக்குக் காணிக்கையாக்கியது. இவர்களுக்காகப் பேசுபவர்கள், சமூகம் மறைத்து வைத்திருக்கும் கொடூரத்தை நேரே காட்டுகிறோம், கேட்பவரே முடிவு செய்யட்டும் என்பார்கள். புக்கன்வால்டில் மாண்டவர்களும் கூர்ட்டன் கொன்ற பெண்களும் குழந்தைகளும் அந்த இசைத்தட்டில் பெயராகவும் இல்லை, முகமாகவும் இல்லை. கொன்றவனின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் நிற்கிறது. பாதிக்கப்பட்டவரை நீக்கிவிட்டுக் கொடுமையை மட்டும் மேடையேற்றுவதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் நிலைப்பாட்டைச் சொல்லாமல் விடுவதையே ஓர் உத்தியாக்கிக்கொண்டவர்களுக்குப் பின்னால், அந்தச் சின்னங்களை மனதார நேசிப்பவர்களும் வந்து நின்றுகொள்ள இடம் கிடைத்துவிட்டது. இன்றும் இத்துறையின் விழாக்களிலும் இசைத்தட்டுக் கடைகளிலும் யாரை அழைப்பது, யாரை விலக்குவது என்ற சச்சரவு ஓயாமல் இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

மேடைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. கோசி ஃபானி துட்டி 2017-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பி-ஆரிட்ஜுடன் வாழ்ந்த காலத்தில் தாம் வன்முறைக்கும் கட்டாயத்துக்கும் ஆளானதாக எழுதினார். பி-ஆரிட்ஜ் அதை மறுத்தார், 2020-இல் காலமானார். எவர் சொல்வது சரி என்று இங்கிருந்து தீர்ப்பளிக்க நான் முற்படவில்லை. அதிர்ச்சியைக் கலைச் சுதந்திரம் என்று கொண்டாடிய விமரிசகர்கள் பல்லாண்டுகள் அந்தப் பெண்ணிடம் இது பற்றி எதுவும் கேட்காமலே எழுதித் தள்ளினார்கள் என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

இந்த இசைக்கு அரசியல் கறை புதிதன்று. 1913-இல் இரைச்சல்களின் கலை பற்றி அறிக்கை விடுத்து, கைப்பிடியைச் சுழற்றினால் உறுமும், முனகும், வெடிக்கும் பெட்டிகளைச் செய்த இத்தாலியரான லூய்ஜி ருசோலோ சார்ந்திருந்த எதிர்காலவாதம் என்ற கலை இயக்கம் போரைப் புகழ்ந்தது. அதன் தலைவர் மரினெட்டி பின்னர் பாசிசத்தோடு கைகோத்தார். 1914 ஏப்ரலில் மிலன் நகரில் அந்தப் பெட்டிகள் மேடையேறியபோது அரங்கில் அடிதடியே நடந்தது. மூலப்பெட்டிகள் அழிந்துவிட்டன; பிற்காலத்தவர் வரைபடங்களைப் பார்த்து அவற்றை மீண்டும் செய்து வாசிக்கிறார்கள். அப்படிச் செய்பவர்கள் போரைப் புகழும் வரிகளையும் சேர்த்துத் தூக்கிச் சுமக்க வேண்டிய கட்டாயம் எதுவும் ஏற்படவில்லை.

ஒலியையும் அதிர்ச்சியையும் பிரிக்க முடியும் என்பதற்கு ஆகச் சிறந்த சான்று, கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன மெர்ஸ்போ. 1956-இல் டோக்கியோவில் பிறந்த மசாமி அகிதா, ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் குப்பையையும் கழிவுப் பொருள்களையும் சேர்த்து வீட்டுக்குள் எழுப்பிய கட்டுமானத்தின் பெயரைத் தழுவி, 1979 முதல் இப்பெயரில் இயங்கி வருகிறார். உலோக டப்பா ஒன்றின் மேல் கம்பிகளைப் பூட்டி, காண்டாக்ட் மைக் பொருத்தி, கிதாரைப் போல் தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பார். 1990-களில் வெளிவந்த அவருடைய பல பதிவுகளின் பின்னணியில் கயிற்றால் உடலைக் கட்டும் பாலியல் நிகழ்த்துகலை இருந்தது. அதைப் பற்றி அவர் விரிவாக எழுதியும் இருக்கிறார். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் விலங்குரிமைப் பக்கம் வந்தார். விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவரானார். ஜப்பானிய மீன்காட்சியகம் ஒன்றில் வாழ்ந்து 2005-இல் இறந்த மினாசோ என்ற யானைச்சீலுக்காக அடுத்த ஆண்டே இசைத்தட்டு வெளியிட்டார்; திமிங்கில வேட்டைக்கு எதிராகவும் ஒன்று வந்தது. உறையில் கட்டுண்ட உடல்கள் இருந்த இடத்தில் கோழிகளும் சீல்களும் வந்தன. ஒலியோ முன்பு போலவே அனல் கக்கிற்று. உறைப்படம் மாறியதால் இரைச்சலின் வீரியம் ஒரு டெசிபல்கூடக் குறையவில்லை என்றால், அந்த வீரியம் முதலிலிருந்தே உறைப்படத்திலிருந்து வரவில்லை என்றுதானே பொருள்?

ஜப்பானின் ஹிஜோகைடான் குழுவையும் இப்படியே பார்க்கலாம். 1979-இல் தொடங்கி, ஆரம்ப நாட்களில் சிறுநீரும் வாந்தியும் அழுகிய உணவுமாக மேடையை நாறடித்ததால் பெயர்பெற்ற குழு அது. அந்தச் செயல்களைச் சில ஆண்டுகளிலேயே அவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், வாசிப்பதை விடவில்லை. குழுவை நடத்தும் ஜோஜோ ஹிரோஷிகே, 1984-இல் ஆல்கெமி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, வேறு எவரும் வெளியிட முன்வராத நூற்றுக்கணக்கான பதிவுகளை உலகுக்குத் தந்தார். நாற்றத்தை நினைவில் வைத்திருக்கும் நாம் அந்த உழைப்பையும் நினைவில் வைக்கலாம்.

இப்பதிவுகள் பரவிய வழியைப் பற்றியும் ஒரு சொல். மெர்ஸ்போவின் தொடக்ககாலக் கேசட்டுகள், நகலெடுப்பு இயந்திரத்தில் அச்சிட்ட ஒட்டுப்பட உறைகளோடு, தபாலில்தான் உலகம் சுற்றின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் நகரில் 1984 முதல் இயங்கிய ஆர்ஆர்ஆர் ரெக்கார்ட்ஸ் கடை ஒரு வரிசையையே நடத்தியது: யாரும் சீந்தாத பழைய பாப் இசைக் கேசட்டை எடுப்பார்கள், அதன் மேலேயே இரைச்சல் கலைஞர் ஒருவரின் பதிவை ஏற்றுவார்கள், உறையின் மேல் பட்டையான டேப்பை ஒட்டி அதில் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிவிடுவார்கள். டேப்பின் ஓரத்தில் பழைய பாடகரின் சிரித்த முகம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். மலிவு, நகைச்சுவை, கைவேலை, தோழமை எல்லாம் கலந்த அந்தப் பொருளை வைத்துப் பார்த்தால், இந்தக் கூட்டத்தை மனப்பிறழ்வு என்ற ஒற்றை முத்திரையில் அடைக்க யாருக்கும் கை வராது.

கடைசியாக, தங்கள் கட்டுரையில் உண்மையிலேயே தீங்கு விளைவிக்கக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. இக்கடிதத்தை வெளியிட இடமில்லையென்றாலும் அதையாவது திருத்தி அச்சிட வேண்டுகிறேன். காது செவிடாவதையே இந்த ரசிகர்கள் பெருமையாகக் கருதுகிறார்கள் என்று அதில் எழுதப்பட்டுள்ளது. இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றில் நுழைவாயிலிலேயே காதடைப்பான் கொடுக்கிறார்கள், பழகிய ரசிகர்கள் சட்டைப்பையில் தங்களுடையதைக் கொண்டுவருகிறார்கள், வாசிப்பவர்களும் அணிகிறார்கள். வாழ்நாளெல்லாம் கேட்க விரும்புகிறவர்களுக்குச் செவிதான் முதல் கருவி. அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் அளவுகோலின்படி, 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. ஆக, 100 டெசிபலில் கால் மணி நேரந்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், கேட்போருக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும் என்றும், ஒலி குறைந்த இடத்தில் ஒதுங்கி இளைப்பாற வசதி வேண்டும் என்றும் சொல்கிறது. இவை இரைச்சல் இசைக்கு மட்டும் உரியவை அல்ல. கோயில் திருவிழாக் கச்சேரிக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கல்யாண வரவேற்புக்கும் இதே கணக்குத்தான்.

ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்த அளவுகளை ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைப் படித்துவிட்டு ஆர்வத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளும் கல்லூரி மாணவர் எவரேனும் இருந்தால், ஒலியளவைச் சரிபாதிக்கும் குறைவாக வைத்துத் தொடங்கட்டும். இந்த இசையின் நெளிவுகள் அந்த அளவிலேயே தெளிவாகக் கேட்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மேடை ஒலியமைப்பாளர்,
திருச்சிராப்பள்ளி.